செக்காலை ரோட்டுக் கடை: பழைய ஐடியூன்ஸ் பாட்டு, புது வண்டியில்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் 2009க்கு முன் ஐடியூன்ஸில் (ஆப்பிளின் பாட்டுக் கடை) வாங்கிய பாட்டுகள் பெரும்பாலும் பூட்டு போட்ட எம்4பி (.m4p) கோப்புகள். கார் ஸ்டீரியோ அவற்றைப் படிக்காது. காரைக்குடியில் இந்தக் கடைக்காரர்கள் பூட்டை உடைக்கும் குறுக்குவழி மென்பொருளைத் தொடுவதில்லை. வாங்கியவர் கணக்கில் கணினியை அங்கீகரித்து, ஆடியோ சிடியாக எழுதி, அதிலிருந்து எம்பி3 எடுக்கிறார்கள்.

ஒரு சிடிக்கு 80 நிமிடம். ஒரே பாட்டுப் பட்டியலை 7 தடவைதான் எழுத முடியும். மூலப் பாட்டின் ஒலித்தர அளவே 128 கேபிபிஎஸ்தான். 320இல் மாற்றினாலும் தரம் கூடாது, 192 போதும். பென்டிரைவை எஃப்ஏடி32 (FAT32) வடிவமைப்புக்கு மாற்றித் தருவது நல்ல பழக்கம். பல வண்டிகள் வேறெதையும் ஏற்காது.

குறை ஒன்று: கணக்குக்கு 5 கணினிதான் அனுமதி, ஆனால் வேலை முடிந்ததும் அங்கீகாரத்தை நீக்க மறக்கிறார்கள். நின்று நீக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆப்பிள் மியூசிக் சந்தாப் பாட்டைக் கொண்டுபோக வேண்டாம். அது சிடியில் ஏறாது.