காணாமல் போன கணவரிடமிருந்து விவாகரத்து: மதுரை இலவச சட்ட உதவியில் என் அனுபவம்

மதுரை மாவட்டக் கோர்ட் வளாகத்துக்குள் இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாகத்தான் எனக்கு விவாகரத்து கிடைத்தது. வழக்கு நடந்தபோது என் கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆள் இல்லாமல் கோர்ட்டில் என்ன செய்ய முடியும் என்று நினைத்து, பேருக்குத் தாலியும் ரேஷன் கார்டில் ஒரு பெயருமாகக் காலம் தள்ளுகிற பெண்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இந்த விமர்சனத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலையில் வேலை தொடங்கிவிடும், பத்து மணிக்கெல்லாம் கூட்டம் ஓய்ந்துவிடும். கோர்ட்டும் பக்கம்தான். வாய்தா அன்றைக்கு முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பத்தரைக்குள் போய்விடலாம். வேலையை விடாமல் வழக்கு நடத்த முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். 2019 பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவர்தான். மாசி பிறந்ததும் போன் அணைந்தது. நானும் என் அண்ணனும் திருப்பூர் போய் அவர் தங்கியிருந்த லைன் வீட்டைப் பார்த்தோம். காலி செய்துவிட்டார் என்று வீட்டுக்காரர் சொன்னார். கம்பெனியில் கணக்கை முடித்துச் சம்பளப் பாக்கியையும் வாங்கிப் போயிருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கினேன். அந்த ஒரு துண்டுக் காகிதம் பின்னால் எவ்வளவு உதவப்போகிறது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

ஊரில் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ஏழு வருஷம் காத்திருக்கணும்." இதைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தை நம்பியே பல பேருடைய வயது போய்விடுகிறது. 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் விவாகரத்துக்குப் பல காரணங்கள் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்றே ஏழு வருடமாகத் தகவல் இல்லை என்பது அதில் ஒன்று. எந்த நியாயமும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வருடம் கைவிட்டுப் போய்விட்டார் என்பது வேறொன்று. ஆள் காணவில்லை என்றாலே முதல் காரணம்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனவர் என்று காட்ட முடிந்தால் இரண்டு வருடம் போதும்.

என் விஷயத்தில் அதைக் காட்டிக் கொடுத்தது ஒரு போன். 2020 தீபாவளிக்கு அவருடைய அம்மாவுக்கு, என் அத்தைக்கு, தெரியாத நம்பரிலிருந்து அவர் பேசியிருக்கிறார். "நல்லா இருக்கேன், என்னைத் தேட வேணாம், அவளையும் அவ வழியைப் பாத்துக்கச் சொல்லு." அவ்வளவுதான். அத்தை அதை மறைக்காமல் மறுநாளே என்னிடம் வந்து சொன்னார். அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டால் யாரோ ஒரு டீக்கடைக்காரர் இந்தியில் பேசினார். எந்த ஊர் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். அப்புறம் அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை.

முதலில் நான் போனது சட்ட உதவிக்கு இல்லை. தெரிந்தவர் சொன்ன ஒரு தனியார் வக்கீல் அலுவலகம். பெயர் வேண்டாம். அங்கே பெரிய தொகை கேட்டார்கள், அது கூடப் பரவாயில்லை. வழக்கை நடத்தச் சொன்ன வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. கணவருடைய விலாசமாக எங்கள் சொந்தக்காரர் வீடு ஒன்றைக் கொடுத்துவிடலாம், சம்மன் வந்தால் "வாங்க மறுத்தார்" என்று எழுதி அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளலாம், ஆறு மாதத்தில் டிக்ரி கையில் இருக்கும் என்று குமாஸ்தா சொன்னார். போனில் பேசியதையும் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் அண்ணன், "பொய் விலாசத்துல வாங்குற தீர்ப்பு நமக்கு வேணாம்மா" என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்ட உதவிக்கு வருகிறேன். 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதே இல்லை, இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. "சம்பளம் வாங்குறியே, உனக்கு எப்படித் தருவாங்க?" என்று என்னைக் கேட்டவர்கள் பலர். வருமான வரம்பு பொதுவாக ஆண்களுக்குத்தான், அதிலும் பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்குக் கிடையாது. ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், நடந்தது என்ன என்று ஒரு பக்கம். அதை எழுத அங்கேயே இருந்த சட்டத் தன்னார்வலர் உதவி செய்தார். அப்புறம் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலிலிருந்து (பேனல்) ஒரு பெண் வக்கீலை நியமித்தார்கள். வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், சம்மனுக்குக் கட்டுகிற பேட்டா எதற்கும் நான் பணம் கொடுக்கவில்லை. பத்திரிகை விளம்பரச் செலவு மட்டும் என்னுடையது.

அந்த மேடம் முதல் நாளே என்னிடம் கேட்ட கேள்வி: "நீங்க அவரை எங்கெங்க தேடுனீங்க? அதுக்கு என்ன காகிதம் இருக்கு?" என் சோகக் கதையை அவர் அவசரப்படுத்தாமல் கேட்டார். ஆனால் குறிப்பு எடுத்தது தேடின விவரத்தை மட்டும்தான். எந்த மாதம் திருப்பூர் போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள், பஸ் டிக்கெட் இருக்கிறதா, சி.எஸ்.ஆர். நம்பர் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். தீபாவளி போனைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதை விட்டுட்டு ஏழு வருஷக் காரணத்துல மனு போட்டா நிக்காது. பெத்த தாய்கிட்ட பேசியிருக்கார். ஆனா கைவிட்டதுக்கு இதைவிட நல்ல சாட்சியம் வேற கிடையாது" என்றார். வெறுமனே பிரிந்திருப்பது போதாதாம், இனி சேர்ந்து வாழ்வதில்லை என்கிற எண்ணத்தோடு பிரிந்தார் என்று காட்ட வேண்டுமாம். முந்தின இடத்தில் மறைக்கச் சொன்ன அதே போன்தான் வழக்குக்கே முதுகெலும்பு ஆனது.

மனு போட்டது 2022-ல். கல்யாணம் நடந்தது திண்டுக்கல் பக்கம், அவர் கடைசியாக இருந்தது திருப்பூர். ஆனாலும் மதுரையிலேயே போட முடிந்தது. மனைவி மனுதாரராக இருந்தால் அவள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம் என்று 2003-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். எங்கள் திருமணம் பதிவு செய்யப்படாதது. கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டுகிற போட்டோ, இரண்டு பேர் பெயரும் உள்ள ரேஷன் கார்டு, இவற்றை வைத்தே சமாளித்தோம்.

இனி சம்மன். இந்த இடத்தில்தான் பலருடைய வழக்கு கெட்டுப்போகிறது. திருப்பூர் லைன் வீட்டுக்கு ஒன்று, அத்தை வீட்டு விலாசத்துக்கு ஒன்று என்று இரண்டுக்கும் அனுப்பினார்கள். சம்மனை நேரில் கொண்டு போகிற கோர்ட் ஊழியரான அமீனாவும் போனார், தபாலும் போனது. திருப்பூரிலிருந்து வந்த கவரில் தபால்காரர் சிவப்பு மையில் சாய்வாக எழுதியிருந்தார்: "காலி செய்துவிட்டார், தற்போதைய விலாசம் தெரியவில்லை." அமீனாவின் அறிக்கையில் வீட்டுக்காரர் சொன்னதும் அதேதான். அத்தை வீட்டுக்குப் போன அமீனாவிடம் அத்தை, மகன் இங்கே குடியில்லை, எங்கே என்று தெரியாது என்று உள்ளதைச் சொல்லியிருந்தார். இரண்டும் திரும்பி வந்த பிறகுதான் மேடம் தனியாக ஒரு மனு போட்டார். சாதாரண வழியில் சம்மன் சேர்க்க முடியவில்லை, பத்திரிகை விளம்பரம் மூலமாகவும், கடைசியாக இருந்த வீட்டுக் கதவிலும் கோர்ட் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியும் சேர்க்க அனுமதி கொடுங்கள் என்று. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஐந்தாவது கட்டளையின் 20-வது விதி இதற்கு வழி கொடுக்கிறது.

விளம்பரம் எந்த ஊர்ப் பதிப்பில் வர வேண்டும் என்பதும் முக்கியம். நான் மதுரைப் பதிப்பில் போட்டால் போதும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். அவர் கடைசியாகக் குடியிருந்த பகுதியில் விற்கிற நாளிதழாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. எனவே திருப்பூர்ப் பதிப்பில் போட்டோம். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. மேலே கோர்ட் பெயர், எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) நம்பர், நடுவில் என் பெயர் மனுதாரர் என்றும் அவர் பெயர் எதிர்மனுதாரர் என்றும், கீழே வாய்தா தேதி, காலை 10.30 மணிக்கு நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும் என்று. அந்தப் பேப்பரை முழுசாகவே வாங்கி வைக்கச் சொன்னார்கள். வெட்டி எடுத்த துண்டு மட்டும் போதாது, தேதியும் பதிப்பும் தெரிய வேண்டும்.

வாய்தா அன்றைக்குக் கோர்ட் டவாலி என் கணவர் பெயரை மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டார். வரவில்லை. ஒருதலைப்பட்சம் என்று பதிவானது. அதோடு தீர்ப்பு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். எதிராளி வராவிட்டாலும் சொன்ன காரணம் உண்மை என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23-வது பிரிவில் இருக்கிறது. நான் பிரமாண வாக்குமூலம் கொடுத்துச் சாட்சி சொன்னேன். கடைசியாகப் பேசியது எப்போது, தேடினீர்களா, அவர் செலவுக்குப் பணம் ஏதும் அனுப்பினாரா என்று நீதிபதி நேரடியாகக் கேட்டார்.

இரண்டாவது சாட்சி என் அத்தை. மகனுக்கு எதிராக ஒரு தாயைக் கூண்டில் ஏற்றுவதா என்று நான் தயங்கினேன். அத்தைதான், "நான் வராம வேற யாரு வருவா? அவன் பேசுனது என் காதுலதானே" என்று கிளம்பினார். தீபாவளிக்கு வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். கூண்டில் நின்று, மகன் போனில் சொன்ன வார்த்தைகளை ஒன்று கூடக் குறைக்காமல் சொன்னார். குரல் உடையவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் அழுதார். அவருக்கு நான் பட்டிருக்கிற கடன் தீராது. விவாகரத்துக்குப் பிறகும் அவர் எனக்கு அத்தைதான்.

2023-ல் டிக்ரி கிடைத்தது. அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மேடம் சொல்லி அனுப்பினார். அப்பீல் காலம் முடியும் வரை மறுமணம் கூடாது. அதோடு, சம்மன் ஒழுங்காகச் சேரவில்லை என்று அவர் பின்னால் வந்து காட்டினால், தீர்ப்பு தெரிய வந்த 30 நாளுக்குள் மனுப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். பொய் விலாசம் கொடுத்து வாங்கிய தீர்ப்பென்றால் அங்கேயே கவிழ்ந்துவிடும். மறுமணம் செய்து குழந்தையும் பிறந்த பிறகு அப்படி நடந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? அந்தக் குமாஸ்தாவை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. என் கோப்பில் திரும்பி வந்த கவர்கள், அமீனா அறிக்கை, முழுப் பேப்பர் எல்லாம் இருக்கின்றன. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கோர்ட்டில் காத்திருக்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டவை இன்னும் சில. நெல்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு இஸ்லாமிய அக்கா வந்திருந்தார். அவர்களுக்கு 1939-ஆம் வருட இஸ்லாமியத் திருமண முறிவுச் சட்டம். கணவர் இருக்குமிடம் நான்கு வருடமாகத் தெரியவில்லை என்றால் கேட்கலாம். ஆனால் டிக்ரி ஆறு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும், அதற்குள் கணவர் வந்து குடும்பம் நடத்தத் தயார் என்று கோர்ட்டைத் திருப்திப்படுத்தினால் ரத்தாகிவிடும். கிறிஸ்தவர்களுக்கும் 2001 திருத்தத்துக்குப் பிறகு நம்மைப் போலவே இரண்டு வருடம், ஏழு வருடம் என்று இரண்டு வழியும் இருக்கின்றன.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குகிற "கைவிடப்பட்ட பெண்" சான்றிதழை விவாகரத்து என்று நினைத்து வைத்திருக்கிற ஒரு தங்கையையும் பார்த்தேன். அது உதவித்தொகை போன்றவற்றுக்கான வருவாய்த்துறைச் சான்று, கல்யாணத்தை முடிக்காது. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சீல் வைப்பதும் அப்படித்தான். உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்கள் முன்னால் கல்யாணத்தை அத்துவிடுகிற பழக்கம் உண்டு, வழக்கத்தை நிரூபித்தால் சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஆளே இல்லாதபோது பஞ்சாயத்தில் யாரை வைத்துப் பேசுவது?

இந்தச் சேவை செய்யாதது ஒன்று உண்டு. ஆளைத் தேடித் தர மாட்டார்கள், தேடல் நம் பொறுப்பு. ஜீவனாம்சம் வாங்கலாம் என்ற எண்ணத்தோடும் போகாதீர்கள், கோர்ட் உத்தரவு போட்டாலும் ஆள் கிடைத்தால்தானே வசூல்? மே மாதக் கோடை விடுமுறையில் வழக்கு நகராது, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்தில் இருக்கிறவர்கள் மதுரை வரை வர வேண்டியதில்லை, அங்கங்கே தாலுகா கோர்ட்டிலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100-க்குப் போன் செய்தால் சொல்வார்கள், கட்டணம் இல்லை. போகும்போது ஆதார், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு, போலீஸ் புகார் ரசீது இவற்றின் நகல்களோடு, கணவர் வேலை பார்த்த இடம், தங்கிய வீடு, சொந்தக்காரர்கள் என்று தெரிந்த எல்லா விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முதலில் கேட்பது அதைத்தான்.