கடற்பஞ்சா, கடற்பீச்சியா?

ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. ஒட்டிய இடத்திலேயே கிடக்கும் பிராணிக்கு விஷம்தான் வேலி. அந்த விஷத்திலிருந்து வந்த இரண்டு புற்றுநோய் மருந்துகள் எரிபுலினும் ட்ரபெக்டெடினும்.

எரிபுலினுக்கு மூலம் ஜப்பானியக் கடற்பஞ்சு. 1980களில் ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராட்டா, உயேமுரா குழு 600 கிலோ பஞ்சிலிருந்து எடுத்த ஹாலிகோண்ட்ரின் பி என்ற நச்சுப்பொருள் வெறும் 12.5 மில்லிகிராம். ஒரு பரல் கல்லுப்பு, அவ்வளவுதான்! 1992இல் ஹார்வர்ட் வேதியியலாளர் கிஷியின் ஆய்வகம் அதை முழுக்கச் செயற்கையாகக் கட்டியது. பிறகுதான் பாதி மூலக்கூறே போதும் என்று தெரிந்தது; அந்தப் பாதியை ஒட்டி உருவானதே எரிபுலின். செல் பிரிய உதவும் நுண்குழல்களை வளரவிடாது. 2010இல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

ட்ரபெக்டெடின் கரீபியக் கடலோர அலையாத்தி வேர்களில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும், பை போன்ற உடல் கொண்ட கடற்பீச்சியிலிருந்து வந்தது. இது டிஎன்ஏவிலேயே கை வைக்கும். ஐரோப்பாவில் 2007 முதல் மென்திசுப் புற்றுக்குத் தருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மருந்தைச் சமைப்பது பிராணி இல்லை, அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா.

தயாரிப்பில் என் ஓட்டு ட்ரபெக்டெடினுக்கே. எரிபுலினுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகள். இங்கோ சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை நொதிக்கவிட்டால் பாதி வேலையை அதுவே முடித்துத் தந்துவிடுகிறது.