செய்த தப்பு எங்கே போகிறது? கிறிஸ்தவமும் பௌத்தமும், என் கணக்கில்

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில். ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், அறுப்பின் பண்டிகை, அசனச் சோறு எல்லாம் பார்த்து வளர்ந்தவன். இப்போது யாராவது கேட்டால் பௌத்தன் என்று சொல்கிறேன். உடனே அடுத்த கேள்வி வரும்: அதில் இல்லாத எது இதில் இருக்கிறது? அதற்கு ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதுகிறேன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம், நான் ஒரு பக்கம் சாய்ந்தவன். இன்னொன்று, எனக்குத் தெரிந்த கிறிஸ்தவம் சீர்திருத்த சபைக் கிறிஸ்தவம், எனக்குத் தெரிந்த பௌத்தம் பெரும்பாலும் தேரவாதம், அதாவது இலங்கை, பர்மா பக்கத்துப் பழைய மரபு. கத்தோலிக்க வாழ்க்கையையும், ஜப்பான், சீனா பக்கத்து மகாயான பௌத்தத்தையும் வெளியில் நின்று பார்த்ததோடு சரி.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிறிஸ்தவத்தில் உலகைப் படைத்தவர் ஒருவர் உண்டு, ஒரே வாழ்க்கை, ஒரே மரணம், பிறகு நியாயத்தீர்ப்பு. பௌத்தத்தில் படைத்தவர் யார் என்ற பேச்சுக்கே முக்கியத்துவம் இல்லை, மாறாத ஆன்மா என்று ஒன்றும் இல்லை, பிறப்பு இறப்புச் சுழற்சி உண்டு, அதிலிருந்து விடுபடுவதுதான் நிப்பானம். இயேசு இரட்சகர், புத்தர் வழிகாட்டி. ஒழுக்கத்தில் பெரிய சண்டை இல்லை: கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே, பிறன்மனை நாடாதே, இவை பத்துக் கட்டளையிலும் உண்டு, பஞ்சசீலத்திலும் உண்டு. பஞ்சசீலத்தில் ஐந்தாவதாகக் குடி கூடாது என்று இருக்கிறது. பைபிளில் இயேசு கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றுகிறார். நம் ஊர்ச் சபைகள் குடியைத் திட்டும் பிரசங்கத்தைக் கேட்டால் அந்தக் கல்யாணத்துக்கு இவர்களை யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது.

அன்றாட வழக்கம் என்று பார்த்தால் கிறிஸ்தவம் ஆட்களோடு சேர்ந்து செய்வது. ஞாயிறு ஆராதனை, வீட்டு ஜெபக்கூட்டம், மாதம் ஒரு திருவிருந்து (அப்பமும் ரசமும் வாங்கும் சடங்கு), லெந்து என்ற தவக்காலம். பாட்டு மட்டும் போதும், ஆளை இழுத்து உட்கார வைத்துவிடும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று எங்காவது காதில் விழுந்தால் இன்றும் வாய் தானாக முணுமுணுக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தவனுக்குப் பௌத்தத்தில் பாலி மொழியில் புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிச் சரணம், சீலம் ஓதுவது, பிறகு மூச்சைக் கவனித்து உட்கார்வது. அவ்வளவுதான். சென்னையை ஒட்டித் திருமுடிவாக்கத்தில் கோயங்கா மரபு விபாசனா தியான மையம் இருக்கிறது, பத்து நாள் முகாம், கட்டணம் கிடையாது, முடித்த பிறகு விருப்பப்பட்டால் நன்கொடை. காலை 4 மணிக்கு மணி அடிக்கும், போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள், யாரிடமும் பேசக்கூடாது, ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். இது எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல என்று அவர்களே சொல்வார்கள். முட்டி வலியைப் பொறுத்தவரை அது உண்மைதான், எல்லா மதத்துக்காரருக்கும் ஒரே மாதிரி வலிக்கிறது.

இதெல்லாம் என்னை மாற்றவில்லை. என்னை நகர்த்தியது ஒரே ஒரு கேள்வி: ஒருவன் செய்த தப்பு எங்கே போகிறது?

எங்கள் உறவில் ஒருவர். என் அப்பா வெளியூரில் வேலையில் இருந்தபோது, குடும்பப் பொதுவில் இருந்த நிலத்தைத் தன் பேருக்குப் பத்திரம் போட்டு விற்றுவிட்டார். சில வருடம் கழித்து ஒரு உபவாசக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, தன் பாவங்களையெல்லாம் ஆண்டவர் இரத்தத்தால் கழுவிவிட்டார், இப்போது மனசு இறகு மாதிரி இருக்கிறது என்று சாட்சி சொன்னார். அப்பாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அப்பாவுக்குப் பணமும் வரவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஒரு ஆள் செய்ததை வைத்து ஒரு மதத்தை எடைபோடக் கூடாது, சரி. அந்த ஆள் செய்ததற்கு சுவிசேஷத்திலேயே இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். பரமண்டல ஜெபத்திலேயே கடனாளிகளுக்கு மன்னிப்பது ஒரு நிபந்தனை மாதிரி நிற்கிறது. இவ்வளவும் இருந்தும் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டது சகேயுவை அல்ல, அவனுக்கு அடுத்த சில அதிகாரங்களில் வரும் சிலுவைக் கள்ளனைத்தான். சாகப்போகும் நேரத்தில் ஒரு வார்த்தை கேட்கிறான், 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்று பதில் கிடைக்கிறது. அவனால் அடிபட்டவர்கள், பறிகொடுத்தவர்கள் யாரும் அந்தக் காட்சியில் இல்லை.

இதன் பக்கத்தில் அங்குலிமாலனை வைத்துப் பாருங்கள். கோசல நாட்டில் ஆட்களைக் கொன்று விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்டவன். புத்தரைப் பார்த்துத் துறவியாகிறான், அதோடு நிற்காமல் அரகந்த நிலையையும் அடைந்துவிடுகிறான், அதாவது அந்த மரபில் அதற்கு மேல் போக இடமே இல்லாத நிலை. அப்புறம் ஒரு நாள் பிச்சைக்குப் போகும்போது மண்கட்டியும் கம்பும் ஓடும் அவன்மேல் வந்து விழுகின்றன. மண்டை உடைந்து ரத்தம், பாத்திரம் உடைந்து, துவராடை கிழிந்து திரும்பி வருகிறான். புத்தர் என்ன சொல்கிறார்? பொறுத்துக்கொள், நரகத்தில் நெடுங்காலம் அனுபவிக்க வேண்டியிருந்த வினையின் பயனை இங்கேயே அனுபவிக்கிறாய் என்கிறார். ஞானம் கிடைத்துவிட்டது, ஆனாலும் கல் வந்து விழுகிறது.

கள்ளனையும் யாரும் சிலுவையிலிருந்து இறக்கிவிடவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்கள் செய்ததற்குத் தக்க பலனை அடைகிறோம் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். இந்த உலகத் தண்டனையை இரண்டு கதைகளுமே ரத்து செய்யவில்லை. ஆனால் கிறிஸ்தவத்தில் கணக்குப் புத்தகம் ஒருவர் கையில் இருக்கிறது, அவர் நினைத்தால் மூடலாம். பௌத்தத்தில் அந்த ஆளே கிடையாது. நான் ஏமாற்றியவனுக்கும் எனக்கும் நடுவில் நின்று, உன் சார்பில் நான் தீர்த்துவிட்டேன் என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

புத்தரிடம் பாவ அறிக்கை செய்த ஒரு ராஜாவும் இருக்கிறான், அஜாதசத்து. சிம்மாசனத்துக்காகத் தன் அப்பா பிம்பிசாரனைக் கொன்றவன். ஒரு பௌர்ணமி ராத்திரி புத்தரிடம் வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, கடைசியில் தப்பை ஒத்துக்கொள்கிறான். புத்தர் அதை ஏற்றுக்கொள்கிறார். குற்றத்தைக் குற்றமாகப் பார்த்து, முறைப்படி திருத்திக்கொண்டு, இனி அப்படிச் செய்யாமல் இருப்பது வளர்ச்சிதான் என்கிறார். அவன் போன பிறகு பிக்குகளிடம், இந்த ராஜா தன் தந்தையைக் கொல்லாமல் இருந்திருந்தால் இந்த இடத்திலேயே இவனுக்கு தம்மக் கண் (உண்மையைக் காணும் முதல் தெளிவு) திறந்திருக்கும் என்கிறார். எனக்கு இந்தக் காட்சி ரொம்ப முக்கியம். வந்தவனை அவர் திட்டவில்லை, விரட்டவில்லை, ஆனால் நடந்ததை நடக்காததாக ஆக்கவும் இல்லை.

அப்படியென்றால் தப்பு செய்தவனுக்கு விடிவே இல்லையா என்றால், இருக்கிறது. அங்குத்தர நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பில் ஓர் உப்புக்கல் உவமை வரும். ஒரு கிண்ணத் தண்ணீரில் உப்புக்கல்லைப் போட்டால் வாயில் வைக்க முடியாது, அதே கல்லைக் கங்கையில் போட்டால் தெரியாது. உப்பு எங்கும் போகவில்லை, தண்ணீர் பெருகியிருக்கிறது. மனசை விரிப்பதுதான் வேலை, அதை வேறு யாரும் எனக்காகச் செய்ய முடியாது. என்னைப் பொறுத்தவரை இது ஆறுதலைவிடப் பெரிய விஷயம், ஏனென்றால் இதை நம்ப ஆரம்பித்த பிறகு, நான் பாக்கி வைத்திருந்த சில வீடுகளுக்கு நேராகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. ஜெபத்தில் முடித்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது.

இனி மறுபக்கம். இந்த வினைக் கொள்கை ஒரு கெட்ட இடத்துக்கும் போகும். ஊனமாகப் பிறந்தவனையும் தாழ்த்தப்பட்டவனையும் காட்டி, போன பிறவியில் என்ன செய்தானோ என்று சொல்ல வைக்கும். புத்தர் அப்படிச் சொல்லவில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு: சீவகன் என்ற நாடோடித் துறவி கேட்டபோது, அனுபவிப்பதெல்லாம் முன்வினைதான் என்பது தவறு, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், விபத்து என்று வேறு காரணங்களும் உண்டு என்கிறார். ஆனால் விகாரைக்கு (பௌத்தக் கோயிலுக்கு) வரும் சாதாரண ஆட்களின் வாயில் முன்வினைதான் இருக்கிறது. இந்த இடத்தில் கிறிஸ்தவம் தெளிவாக முந்துகிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா இவனைப் பெற்றவர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்று இயேசு ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது அவர் கொண்டுவந்த பௌத்தத்தில் இந்தப் பழைய பிறவிக் கணக்குக்கு இடம் இல்லை, அது தற்செயல் அல்ல.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். செய்ததை நினைத்து நினைத்தே உடைந்துபோன மனிதர்கள் உண்டு. குடியிலிருந்து மீண்ட சிலரைச் சபையில் பார்த்திருக்கிறேன், உன்னை மன்னித்தாயிற்று என்று யாரோ அடித்துச் சொன்னதால்தான் அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களிடம் போய் மூச்சைக் கவனி, மனசை விரி என்று சொல்ல எனக்குத் துணிவு வராது. பௌத்தத்திலும் இதற்கு ஒரு வாசல் உண்டு: ஜப்பானில் 13-ஆம் நூற்றாண்டில் ஷின்ரான் என்ற துறவி, சொந்த முயற்சியை நம்பாமல் அமிதாப புத்தரின் கருணையை நம்பச் சொன்னார். பிற்பாடு அங்கே போன கத்தோலிக்க இயேசு சபைக் குரு வலிஞானோவுக்கு இது, விசுவாசம் மட்டுமே போதும் என்ற சீர்திருத்தக்காரர் லூதரின் போதனை மாதிரியே பட்டிருக்கிறது. அந்த மரபில் நான் பழகியதில்லை, அதனால் பரிந்துரைக்கவும் மாட்டேன், குறை சொல்லவும் மாட்டேன்.

தமிழர்களிடம் பௌத்தம் என்று வாயெடுத்தால் இலங்கை என்று பதில் வரும். வரத்தான் வேண்டும். அங்கே 1972 அரசியலமைப்பிலிருந்து பௌத்தத்துக்கு முதன்மை இடம். 1959-ல் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டுக் கொன்றவர் ஒரு பிக்கு. ஈழத் தமிழர்களிடம் நான் பௌத்தன் என்று சொல்லும்போது முகம் மாறுகிறது, அவர்களோடு வாதாட எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. சாதியும் அங்கே காவிக்குள் போயிருக்கிறது. 1753-ல் கண்டியில் தொடங்கிய சியாம் நிகாயம் என்ற பிக்கு சங்கப் பிரிவு, கொவிகம என்ற மேல்சாதிக்கு மட்டும் உபசம்பதா (முழுத் துறவு தீட்சை) என்று கதவைச் சாத்தியது, மற்ற சாதிக்காரர்கள் பர்மாவுக்குக் கப்பலேறிப் போய் வாங்கி வந்ததுதான் அமரபுர நிகாயம். நம் பக்கமும் சளைத்தது அல்ல. வடக்கன்குளம் தேவாலயத்தில் ஒரு காலத்தில் சாதிக்கு ஒரு கூடமாக இரண்டு கூடங்கள், நடுவில் சுவர், முன்னால் பொதுவாக ஒரே பீடம் என்று இருந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர். இந்த வரிசையில் யாரும் யாரையும் பார்த்து விரல் நீட்ட முடியாது. ஒரே ஒரு கூடுதல் காரணம் எனக்கு உண்டு: தமிழ்நாட்டில் 1898-ல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தை ஆரம்பித்ததே சாதிக்கு எதிராகத்தான், நான் சேர்ந்திருப்பது அந்த வரிசையில் என்று வைத்துக்கொள்கிறேன்.

நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தனியாகக் கேட்பது இதைத்தான். பட்டியல் சாதிச் சான்றிதழ் 1950 ஆணைப்படி முதலில் இந்துக்களுக்கு மட்டும், 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்குப் போனவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதை வைத்து மதம் மாறுபவர்களை நான் கேவலமாக நினைக்கவில்லை, சட்டம்தான் முதலில் மதத்தைப் பார்த்தது.

ஆள்பலத்தில் மட்டும் பௌத்தத்துக்கு மார்க் போட முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்தால் சபையிலிருந்து ஐயர் (போதகர்) வருவார், பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாலு பேர் பிளாஸ்கில் காபியோடு வருவார்கள், ஜெபம் பண்ணிவிட்டு வீட்டுக் கதையும் பேசிவிட்டுப் போவார்கள். சென்னையில் எழும்பூர் மகாபோதி சங்கம் இருக்கிறது, வட மாவட்டங்களில் சில ஊர்களில் அம்பேத்கரிய பௌத்தர்கள் ஒன்றுகூடுகிறார்கள். தெற்கே என் ஊரில் விசாரித்து வர ஒரு ஆள் கிடையாது. கல்யாணம், சாவு என்று வந்தால் யாரைக் கூப்பிடுவது, என்ன ஓதுவது என்று முன்கூட்டியே நீங்களேதான் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும் என்பவர், வார நாட்களிலும் நாலு பேர் தேடி வர வேண்டும் என்பவர், சபையை விட்டு வராதீர்கள், வந்த பிறகு என்னைத் திட்டுவீர்கள். நான் கிறிஸ்துமஸுக்கு இன்னும் அம்மாவோடு நாலு மணி ஆராதனைக்குப் போகிறேன், பாட்டெல்லாம் பாடுகிறேன், திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போவதில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.