மூன்று பேட்டரியும் மூன்று மஞ்சள் வயரும்

போன வாரம் மேலூரிலிருந்து அத்தை மகன் போன் செய்தான். "மச்சான், உங்க வண்டி மாதிரியே ஒண்ணு இங்க விலைக்கு வருது. 2021 மாடல். எடுக்கலாமா?" என்று கேட்டான். இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

150 சிசி பைக், மற்ற விவரமெல்லாம் அவனுக்கே தெரியும். நான் எடுத்தது 2020 டிசம்பரில். 71,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, இன்ஜினில் இதுவரை கை வைத்ததில்லை. லிட்டருக்கு 45 குறையாமல் கொடுக்கிறது. பின்னால் இருபது கிலோ பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு ரிங் ரோட்டில் போனாலும் ஆட்டம் கிடையாது. பிரேக், சீட், ஹேண்டில் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி விஷயத்தில் மட்டும் இந்த வண்டி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

திருமங்கலம் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லி. விடியுமுன் பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நேரம் தாழ்ந்தால் மொட்டு வாடும், விலையும் இறங்கும். ஒரு நடைக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. இந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதைப் பற்றி ஒரு கோபம் பின்னால் வருகிறது.

முதல் பேட்டரி இரண்டேகால் வருஷம் உழைத்தது. மதுரை வெயிலுக்கு அது மோசமில்லை. சூடு பத்து டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. நம்மூர் சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் சீட்டில் உட்கார முடிகிறதா? அதற்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது. அதனால் பேசாமல் புதுசு வாங்கிப் போட்டேன். இரண்டாவது பேட்டரி ஏழே மாதத்தில் படுத்துவிட்டது.

அது படுத்த காலை மறக்காது. மூட்டை கட்டியாகிவிட்டது, மணி ஐந்தரை. செல்ஃபை அமுக்கினால் 'டிக் டிக் டிக்' என்று ரிலே சத்தம் மட்டும் வருகிறது. மீட்டரில் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. கிக்கர் கிடையாது. வீட்டுக்காரியும் அப்பாவும் பின்னால் தள்ள, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் பின்சக்கரம் இழுத்து நின்றதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் அநேகமாக எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்புக்குக் கரண்ட் வேண்டும், எப்போது தீப்பொறி விட வேண்டும் என்று சொல்லும் இசியு என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் ஊரே சேர்ந்து தள்ளினாலும் கிளம்புவது சந்தேகம். அப்பா ஒன்றும் பேசவில்லை. தன்னுடைய பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லை வெளியே எடுத்தார், ஒரு உதை விட்டார், மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அறுபத்தெட்டு வயசு அவருக்கு. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சர்வீஸில் காட்டினேன். "பேட்டரி வீக் சார்" என்றார்கள். அது எனக்கும் தெரியும். ஏன் வீக் ஆனது என்றுதானே கேட்கிறேன்! "கிட்டத்துலயே ஓட்டுவீங்களா இருக்கும், சார்ஜ் ஏற நேரம் பத்தாது" என்று பதில் வந்தது. தினம் அறுபது கிலோமீட்டர் ஓடுகிற வண்டி. இன்னொரு மெக்கானிக் மொபைல் சார்ஜரைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். வேறொருவர் செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று மாற்றிவிட்டு 650 ரூபாய் வாங்கினார். வாரண்டியில் மூன்றாவது பேட்டரி வந்தது, ஐந்தாம் மாதமே மறுபடி அந்த 'டிக் டிக்'. அவர்களுக்கும் ஒரு நாளைக்கு நாற்பது வண்டி பார்க்க வேண்டியிருக்கும், எல்லாருக்கும் அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை பேரில் ஒருவர்கூட பேட்டரி முனையில் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கவில்லை. அதற்கு ஆகிற நேரம் இரண்டு நிமிஷம். என் கோபமெல்லாம் இதில்தான்.

அப்புறம் டவுன்ஹால் ரோட்டில் 400 ரூபாய்க்கு நானே ஒரு மீட்டர் வாங்கினேன். ராத்திரி முழுக்க 0.8 ஆம்பியரில் பேட்டரியை சார்ஜ் போட்டேன். 8 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதுதான் அளவு. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் 12.7 வோல்ட். நிறைந்த பேட்டரி 12.6க்கு மேல் காட்ட வேண்டும், சரி. மறுநாளும் அதே 12.7 நின்றது, அதனால் உள்ளே செல் ஷார்ட் இல்லை. செல்ஃப் அமுக்கும்போது 10.5க்கு இறங்கி ஏறியது. பத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியையோ மோட்டாரையோ சந்தேகப்பட்டிருப்பேன்.

அடுத்து, நிற்கும்போது கரண்ட் கசிகிறதா என்று பார்த்தேன். சாவியை அணைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்தேன். இதைச் செய்யும்போது மறந்தும் சாவியைப் போடக்கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 2 மில்லி ஆம்பியர் காட்டியது. கடிகாரத்துக்கும் இசியுவுக்கும் அவ்வளவு போகத்தான் செய்யும். இதுவே 100 இருந்தால் 80 மணி நேரத்தில், அதாவது நாலு நாள் ஆவதற்குள், 8 ஆம்பியர்-அவரும் காலி. ஆக, நின்றிருக்கும் வண்டியில் கோளாறு இல்லை.

இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தேன். 4,000 ஆர்பிஎம்மில் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். என் மீட்டர் 12.8ஐத் தாண்டவில்லை. ஐடிலில் 12.3. 2017 ஏப்ரலிலிருந்து பைக்கில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்பது சட்டம், அணைக்க சுவிட்சே கிடையாது. அந்த லைட், பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் தின்றது போக பேட்டரிக்கு ஏறுவது ஒன்றுமில்லை. காளவாசல் சிக்னலில் நிற்கிற நேரமெல்லாம் பேட்டரியிலிருந்து எடுத்துத்தான் ஓடியிருக்கிறது. மாதக்கணக்கில் அரை வயிறாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து எந்தப் பேட்டரியும் செத்துத்தான் போகும். மூன்று பேட்டரி மேலும் தப்பில்லை. அன்றைக்கு நான் வெகுநேரம் அந்த 12.8ஐயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி கோளாறு இன்ஜினில் கரண்ட் உண்டாக்கும் காயில் பிளேட்டிலா, அந்தக் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஆர்ஆர் யூனிட்டிலா என்பதுதான் கேள்வி. மீட்டரை எடுத்துக்கொண்டு திருமங்கலத்தில் ஒரு பழைய வயர்மேன் அண்ணனிடம் போனேன். நான் சொன்ன அளவுகளைக் கடைசி வரைக்கும் கேட்டார், அதுவே எனக்குப் பெரிய விஷயம். காயில் பிளேட்டிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயரையும் இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரைப் பிரித்து, இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டிரண்டாக அளந்தார். மூன்று ஜோடியும் ஒன்றுபோல ஐம்பது வோல்ட்டை ஒட்டி வந்தது. வயருக்கும் பாடிக்கும் தொடர்பில்லை. "காயில் நல்லாருக்கு தம்பி" என்றவர், பிரித்த கப்ளரை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க."

கருகிய பிளாஸ்டிக் வாடை. வெள்ளைக் கப்ளரில் ஒரு குழி மட்டும் டீத்தூள் நிறத்தில் இருந்தது. உள்ளே பின் கறுத்து, விளிம்பில் பச்சையாகக் களிம்பு கட்டியிருந்தது. பின்சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் நேராகப் படுகிற இடத்தில் அந்தக் கப்ளரை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்கி, பின் அரித்து, பிடிமானம் குறைந்து, அந்த இடம் சூடாகி உருகியிருக்கிறது. மூன்று வயரில் வர வேண்டிய கரண்ட் இரண்டில் மட்டும் வந்திருக்கிறது. சில நாள் அதிர்வில் பின் லேசாக ஒட்டிக்கொள்ளும், வண்டி நன்றாக இருக்கும். அதனால்தான் சர்வீஸுக்குக் கொண்டுபோன அன்றெல்லாம் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

"கப்ளரே வேணாம் தம்பி, நேரா பத்த வச்சிருவோம்" என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று வயரையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, தனித்தனியாக ஸ்லீவ் போட்டு, தண்ணீர் படாத உயரத்தில் கட்டினார். இன்ஜினை முடுக்கினால் 14.2. கூலி 250 ரூபாய். எட்டு மாதம் ஆகிறது. அந்த மூன்றாவது பேட்டரியே தேறிவிட்டது, இன்று காலையில் பார்த்தேன், 12.6. இப்போது செல்ஃபில் விரல் பட்டதும் வண்டி பிடிக்கிற சுகம் இருக்கிறதே, புதுசாக எடுத்த அன்றுகூட எனக்கு அது தெரியவில்லை.

சரி, மாப்பிள்ளை, நீ கேட்டதற்கு வருகிறேன். என் வண்டியை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் நீ இதை வாங்காதே. நூறு ரூபாய் பெறாத ஒரு கப்ளரை வைக்கத் தெரியாமல் வைத்தவர்கள் கிக்கரையும் எடுத்துவிட்டார்கள், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு மூட்டையோடு அப்பா போனதை நினைத்தால் "எடு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விலை படிந்துவிட்டது, எடுத்தே தீருவேன் என்றால் முன்பணம் கொடுக்காமல் இரு. ஞாயிற்றுக்கிழமை பூவை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் மாட்டுத்தாவணியிலிருந்து நேரே மேலூர் வந்துவிடுகிறேன், மீட்டரும் எடுத்து வருகிறேன். பக்கத்து மூடியைக் கழற்ற 10 நம்பர் ஸ்பேனர் மட்டும் எடுத்து வை.