பழைய அச்சு, புதுப் பெட்டி: காரைக்குடியில் கார் கிட் கட்டிய அனுபவம்

பாகம் பாகமாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் பழைய பிளாஸ்டிக் கார் மாடல் கிட்டுகளை அதே பழைய வார்ப்பு அச்சில் மறுபடி வார்த்து விற்கிறார்களே, வாங்கலாமா? கட்டி ரசிக்கத்தான் என்றால் தாராளமாக வாங்கலாம். பெட்டி புதுசாக இருப்பதால் உள்ளே இருப்பதும் புது மாடல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காரைக்குடி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் பல வருடம் இவற்றோடு குடித்தனம் நடத்திவிட்டுச் சொல்கிறேன்.

இந்தக் கிட்டுகளில் பழைய பெயர் ஏஎம்டி, 1948இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய கம்பெனி. கார் ஷோரூம்களுக்கு விளம்பர மாடல் செய்து கொடுத்தவர்கள், 1958இல் ஒரே பெட்டியை மூன்று விதமாகக் கட்டிக்கொள்ளும் கிட்டுகளை இறக்கினார்கள். பல கை மாறி, இன்று ஏஎம்டி, இன்னொரு பழைய கிட் கம்பெனியான எம்பிசி இரண்டு பெயரும் இண்டியானாவில் இருக்கும் ரவுண்ட் 2 கம்பெனியிடம் உள்ளன. ரெவெல், மோனோகிராம் என்ற வேறு இரண்டு கிட் பெயர்களை வைத்திருந்த ஹாபிகோ கம்பெனி 2018இல் திவாலானபோது, அவற்றின் பழைய அச்சுகள் பல அட்லாண்டிஸ் என்ற கிட் கம்பெனி கைக்குப் போயின. இப்போது கடைக்கு வரும் 'கிளாசிக்' பெட்டிகள் பலவும் இப்படி மறுபிறவி எடுத்தவைதான்.

என்னிடம் அதிக நாள் இருப்பது ஏஎம்டியின் 1957 செவ்ரோலே பெல் ஏர், 1/25 அளவு. நிஜக் கார் 200 அங்குலம், இது 8 அங்குலம். பழைய பெட்டிப் படத்தையே போட்டிருக்கிறார்கள், பார்க்க ஆசையாக இருக்கும். பிளாஸ்டிக்கில் குறையில்லை. ஆனால் பாகங்களின் ஓரத்தில் பிசிறு உண்டு, அச்சு தேய்ந்ததன் அடையாளம் அது. உப்புத்தாள் இல்லாமல் எதுவும் சேராது. பல பழைய அச்சுகளில் முன் சக்கரங்களுக்கான கம்பி இன்ஜினையே துளைத்துக்கொண்டு போகும். நிஜக் காரில் அப்படி ஏது? அறுபதுகளின் பிள்ளைகள் உருட்டி விளையாடுவதற்காகச் செய்த ஏற்பாடு. எனக்கு அது பிடிக்கும், நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு எரிச்சல்தான்.

புது வெளியீட்டில் உண்மையில் முன்னேறியிருப்பது டயரும் ஒட்டுப்படமும். இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் ஒரிஜினல் பழைய பெட்டி ஒன்றைத் திறக்க வேண்டும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில், பர்மா பீங்கானுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவில் ஒன்று கிடைத்தது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன யாரோ பிள்ளைக்கு வாங்கி வந்திருக்கலாம். உள்ளே ஒரு டயர் முன்கண்ணாடி மேல் படுத்திருந்தது. எடுத்துப் பார்த்தால், டயரின் வரிகள் அத்தனையும் கண்ணாடியில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தன. வினைல் டயரை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, இளக்கிவிடும். வெயில் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தேய்த்தெல்லாம் சரிசெய்ய முடியாது. அதனால் புதுசோ பழசோ, பெட்டியைத் திறந்ததும் டயர்களைத் தனிக் கவரில் போடுவதுதான் என் முதல் வேலை. மாட்டும்போது சக்கர விளிம்பில் மெல்லிய அலுமினிய ஒட்டுத்தாள் சுற்றிவிடுகிறேன். இதுவரை எதுவும் உருகவில்லை.

மஞ்சளாகிப்போன பழைய ஒட்டுப்படத்தை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் வெளுத்து வரும். வெயிலுக்கு நமக்கென்ன பஞ்சம்! அப்புறம் ஒரு கை கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடித்துவிட்டுத் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் துண்டு துண்டாகிவிடும்.

பெயிண்டில் எனக்குக் குரு, வண்டிப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் தம்பி ஒருவர். "மழைக் காத்து அடிச்சா ஸ்ப்ரே கன்னைத் தொடாதீங்கண்ணே, வெள்ளை பூத்துரும்" என்பார். ஈரக் காற்றில் லாக்கர் பெயிண்ட் மங்கிப் பால்போல் ஆவது உண்மைதான். அதனால் பெயிண்ட் வேலையெல்லாம் எனக்கு மாசி, பங்குனியில். கார் பெயிண்டின் தின்னர் பிளாஸ்டிக்கையே அரிக்கும், பிரைமர் இல்லாமல் நேரடியாக அடிக்காதீர்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். மாடியில் தகரக் கூரை அறையில் வைத்த ஒரு காரின் மெல்லிய பாகங்கள் கோடையில் வளைந்துபோயின. இப்போது எல்லாம் கீழே ரெண்டாங்கட்டு அறையில், கண்ணாடி பீரோவில். பழைய வீட்டின் தடித்த சுவர் செய்யும் வேலையை ஏசி கூடச் செய்யாது. முற்றத்து வெயில் நேராகப் படாத பக்கமாகப் பார்த்து வையுங்கள், சிவப்புதான் முதலில் வெளிறும்.

விலை விஷயத்தில் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கிட் விலையே சின்னதாகத் தெரியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது மேல். பெட்டி நசுங்கி வரலாம், மெல்லிய கூரைத் தூண்கள் உடைந்திருக்கின்றனவா என்று வந்த அன்றே பார்த்துவிடுங்கள்.

இதுவரை ஒரு கிட்டும் கட்டாதவர்கள் பெல் ஏரில் தொடங்க வேண்டாம். 1/24 அளவில் ஜப்பான் கம்பெனியான டமியாவின் கார் ஒன்றை முதலில் கட்டுங்கள், பாகங்கள் அலட்டிக்கொள்ளாமல் பொருந்தும். கை பழகிய பிறகு ஏஎம்டிக்கு வரலாம்.