மாசுபட்ட மண்: ஒற்றை மாதிரியா, பலபுள்ளி மாதிரியா?

கொடைக்கானலில் மூடப்பட்ட வெப்பமானி ஆலை போன்ற இடங்களில் பாதரசம் மண்ணோடு சீராகக் கலந்திருக்காது, பொட்டுப்பொட்டாகக் கிடக்கும். 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியின் எடை சுமார் 0.19 மில்லிகிராம். ஆய்வகம் கரைக்க எடுக்கும் அரை கிராம் மண்ணில் அது சிக்கினால் கிலோவுக்கு 380 மில்லிகிராம் என்று அறிக்கை வரும். சிக்காவிட்டால் நிலம் சுத்தம் என்று வரும். மண் ஒரே பாட்டிலில் இருந்ததுதான்!

ஒற்றை மாதிரி முறையில் கட்டம் போட்டு, புள்ளிக்கு ஒரு பாட்டில் எடுக்கிறோம். மாசு எங்கே, எவ்வளவு ஆழம் என்று இது காட்டும். ஆனால் 10 மீட்டர் சதுரக் கட்டத்தில், 3 மீட்டர் ஆரமுள்ள மாசுத் திட்டு சிக்கும் வாய்ப்பு 28 விழுக்காடுதான். 6 மீட்டர் ஆரம் என்றால் ஏறத்தாழ 95.

பலபுள்ளி முறை என்பது பல புள்ளிகளின் மண்ணை ஒரே மாதிரியாகச் சேர்ப்பது. இதில் முதலில் முடிவெடுக்க வேண்டிய பரப்பை வரையறுக்க வேண்டும். 30×20 மீட்டர் நிலத்தை 5×4 மீட்டர் அளவில் 30 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. விட்டக் குழாயை 15 செ.மீ. இறக்கினால், மொத்தம் சுமார் 2 கிலோ சேரும். கரண்டியால் அள்ளக்கூடாது: மேல்மண் அதிகமாகவும் அடிமண் குறைவாகவும் வந்து முடிவு சாயும். புள்ளிகளை மாற்றி இதையே மேலும் இருமுறை செய்ய வேண்டும். மூன்று முடிவுகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகினால் சராசரியை நம்பாதீர்கள்.

பிறகு உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, கரைக்க வேண்டிய மண்ணை 30 இடங்களில் கிள்ளி எடுக்கவேண்டும். வேளாண் மண் பரிசோதனையில் பழகிய கால் பகுப்பு (மண்ணை நான்காகப் பிரித்து எதிரெதிர் இரு பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்வது) இங்கே போதாது. துகள் மாசைச் சமமாகப் பிரிக்காது. களத்தில் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு படியில் வீணாவது வழக்கம்.

மேல்மண்ணின் சராசரிதான் கேள்வி என்றால், பலபுள்ளி முறையையே விதியாக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பென்சீன் போன்றவற்றுக்கு அது அப்படியே ஆகாது, கலக்கும்போதே ஆவியாகிவிடும். வெட்டிய கையோடு 5 கிராம் மண்ணை மெத்தனால் குப்பியில் போட்டு மூட வேண்டும். துளிப் பாதரசத்தையும் உலர்த்தக்கூடாது. கரைக்கும் மண்ணின் அளவைக் கூட்டுவதே வழி. ராணிப்பேட்டையில் உள்ளது போன்ற ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) என்றால், மண்ணை ஈரத்தோடே 4 டிகிரியில் வைத்து 30 நாளுக்குள் காரக் கரைசலில் பிரித்தெடுக்க வேண்டும்.