சி-17 நிவாரணத்துக்கு எப்படி? சுமையில் ராஜா, ஆனால் இறங்க இடம் வேண்டுமே!

வெளிநாட்டில் எங்கே பூகம்பம் வந்தாலும் நம் டிவியில் முதலில் காட்டுவது விமானப்படையின் சி-17 குளோப்மாஸ்டர் சரக்கு விமானத்தின் பிளந்த பின்வாயைத்தான். இத்தனை பெருமைக்கு அது தகுதியானதா என்றால், சரக்கு ஏற்றுகிற விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். கிட்டத்தட்ட 77 டன் தாங்கும். விமானக் கண்காட்சியில் உள்ளே ஏறிப் பார்த்தபோது என்னை அசத்தியது அதன் அளவு இல்லை, தரைதான்: ஒரு பக்கம் உருளைகள், அதையே புரட்டிப் போட்டால் சமதளம். வலை போட்டுக் கட்டிய பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கிய தட்டை, உருளைமேல் தள்ளிக்கொண்டே போகலாம், அடுத்த நடையில் அதே இடத்தில் லாரியையே ஓட்டி ஏற்றலாம். இவ்வளவு பெரிய வண்டிக்கு இரண்டு பைலட், ஒரு லோட்மாஸ்டர், மூன்றே பேர் போதும். எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று எடைக்கணக்குப் பார்க்கிற லோட்மாஸ்டரைத்தான் எந்தச் சேனலும் காட்டுவதில்லை.

2023 பிப்ரவரி 6, துருக்கியில் 7.8 அளவு நிலநடுக்கம். மறுநாளே தேசியப் பேரிடர் மீட்புப் படை ஆட்கள், மோப்ப நாய்கள், இடிபாட்டைத் துளைக்கும் கருவிகள் சகிதம் டெல்லி பக்கத்து ஹிண்டன் விமானப்படைத் தளத்திலிருந்து போன சி-17 அதானாவில் இறங்கிவிட்டது. பின்னாலேயே போன ராணுவத்தின் ‘60 பாரா’ என்ற கள மருத்துவமனை 30 படுக்கைகளோடு இஸ்கந்தரூனில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தது. வேகத்துக்கு முழு மார்க். ஆனால் இஸ்கந்தரூன் இருக்கிற ஹதாய் மாகாணத்தின் விமான நிலையத்தில் ஓடுபாதையே பிளந்து கிடந்ததால், எல்லாம் அதானாவில் இறங்கி ரோடு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

என் குறையே இங்கேதான். சி-17 சின்ன ஓடுபாதையிலும் இறங்கும், ரிவர்ஸ்கூட எடுக்கும், எல்லாம் சரி. நிவாரணத்தின் முட்டுக்கட்டை விமானத்தில் இல்லை, இறங்குகிற ஊரில் இருக்கிறது. 2015 நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டுவில் இருந்தது ஒரே ஓடுபாதை, நிறுத்த இடமோ கொஞ்சம், இதில் ஊர் உலகமே உதவிக்குக் கிளம்பி வந்தால் என்ன ஆகும், வானத்திலேயே வட்டமடித்துவிட்டுத் திரும்பிப்போன விமானங்கள் எத்தனையோ. கடைசியில் ஓடுபாதை சேதமாகி, ரொம்பப் பெரிய விமானங்கள் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நம் ஆட்களோடு முதலில் போய் இறங்கியது சி-17ஐவிடச் சின்ன சரக்கு விமானமான சி-130ஜே. சுமார் 20 டன்தான் தூக்கும், ஆனால் 2018ல் இந்தோனேசியாவின் பாலுவில் ஓடுபாதை விரிசல்விட்டுச் சுருங்கியபோதும் நடைக்கு நடை போய்வந்தவை இந்த ரகம்தான்.

இன்னொன்று, சரக்கை இறக்க அந்த ஊரில் லோடர் வண்டி வேண்டும். இல்லாவிட்டால் விமானத்தை முன்னால் நகர்த்தி, பேலட்டைப் பின்னால் வழுக்கி விழவிடுகிற வித்தை இருக்கிறது. அரிசி மூட்டைக்குப் பரவாயில்லை, எக்ஸ்ரே கருவிக்கு யார் துணிவார்கள்?

என் மதிப்பெண் 5க்கு 4. சி-130ஜே கூடப் போவதாக இருந்தால் மட்டும். இன்னும் சில வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: போயிங் இதன் தயாரிப்பை 2015லேயே நிறுத்திவிட்டது, 2019ல் வந்த 11ஆவதோடு நம் கணக்கு முடிந்தது.